ஓட்டுநர் இல்லாத வண்டியும் நமது சாலைகளும்



தானே ஓடும் காரைப் பற்றிப் புளியந்தோப்பில் ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி எழுவது நியாயமே. பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி, வியாசர்பாடிக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்க நகரங்களில் ஆளில்லாமல் ஓடும் வாடகைக் காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஆனால் ஓட்டுநர் இல்லாத வண்டி தலித் வரலாற்றுக்குப் புதியதல்ல. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அப்படிப்பட்ட வண்டிகளில் நாம் பயணம் செய்திருக்கிறோம். அந்த வரலாற்றிலிருந்து தொடங்கினால்தான் இன்று விற்பனைக்கு வரும் புதிய வண்டியை நம் கண்ணால் பார்க்க முடியும்.

மசூரும் சாலிஸ்காவும்

1901-ஆம் ஆண்டு. சத்தாராவிலிருந்து ரயிலில் வந்த சில சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். கோரேகாவில் வேலை பார்த்த தந்தையிடம் அவர்கள் போக வேண்டும். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்பாகத்தான் விசாரித்தார். மகர் சாதி என்று தெரிந்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. வெளியே மாட்டுவண்டிகள் நின்றன. ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகு ஒரு வண்டிக்காரர் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். அவர் கூட நடந்து வருவார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பீமாராவ் அம்பேத்கர்.

28 ஆண்டுகள் கழித்து, 1929-ல், அதே அம்பேத்கர் பாரிஸ்டராகி, தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக இருந்தார். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கிய அவரை மகர்வாடாவுக்கு அழைத்துப் போக மக்கள் ஒரு குதிரை வண்டி பிடிக்கப் போனார்கள். தீண்டப்படாதவரை உட்காரவைத்து ஓட்டுவது தங்களுக்குக் கௌரவக் குறைவு என்று வண்டி ஓட்டுகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஏற்பட்ட சமரசம் இதுதான்: வண்டி வாடகைக்குக் கிடைக்கும், ஓட்டுநர் கிடைக்கமாட்டார். பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. இரண்டு நிகழ்ச்சிகளையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு முறையும் வண்டி கிடைத்தது. பணமும் கைமாறியது. மறுக்கப்பட்டது மனிதத் துணை மட்டும்தான். 'உன் காசை வாங்கிக்கொள்வேன், உன் அருகில் உட்காரமாட்டேன்' என்பதே சாதி இந்து வண்டிக்காரர் கண்டுபிடித்த ஏற்பாடு. போக்குவரத்து என்றவுடன் வேகம், தூரம், எரிபொருள் பற்றித்தான் பொறியாளர்கள் பேசுகிறார்கள். நமக்கு அதில் முதல் கேள்வி வேறாக இருந்துவந்திருக்கிறது: யார் யார் பக்கத்தில் உட்காரலாம்?

நடக்கும் உரிமையிலிருந்து ஏறும் உரிமைக்கு

உட்காருவதற்கு முன்னால் நடப்பதே போராட்டமாக இருந்தது. 1924-ல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் தெருவிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் நடப்பதற்கு எவரும் தடை சொல்லக் கூடாது என்றது. பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றையும் அது உள்ளடக்கியது. பொதுப் பணத்தில் போட்ட சாலையில் நடக்க ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பேருந்து வந்தபோது அதே தடை ஏறும் படிக்கு இடம் மாறியது. தனியார் பேருந்து முதலாளிகள் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தார்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். சாலிஸ்காவில் அம்பேத்கர் கால் முறிந்து கிடந்ததும் அதே காலம்தான். குதிரை வண்டிக்காரரைக் கட்டுப்படுத்த அங்கே எந்த அதிகாரமும் இல்லை. இங்கே உரிமம் கொடுக்கும் பொது அமைப்பு ஒன்று இருந்தது, அதன் தலைமையில் உறுதியான ஒருவரும் இருந்தார். வண்டி தனிமனிதரின் விருப்பத்தில் ஓடுவதற்கும் பொது உரிமத்தில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சென்னையின் கதை சற்று மாறுபட்டது. 1856-ல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1895 மே 7 அன்று இந்தியாவின் முதல் மின்சார டிராம் இந்த நகரத்தில்தான் ஓடத் தொடங்கி, 1953 ஏப்ரல் வரை ஓடியது. ரயிலும் டிராமும் வகுப்பையும் கட்டணத்தையும் பார்த்தன. சாதிக்குத் தனிப்பெட்டி வேண்டும் என்ற குரல்கள் நாட்டில் எழாமல் இல்லை. ஆனால் சாதிவாரியாகப் பெட்டி கட்டுவது கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. சமத்துவ எண்ணத்தால் அல்ல, லாபக் கணக்கால் ஒரே பலகையில் மனிதர்கள் தோளோடு தோள் உட்கார நேர்ந்தது. அதையும் நம் முன்னோர் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் நடந்தே போனார்கள். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளைச் சுற்றிப் புளியந்தோப்பும் பெரம்பூரும் வளர்ந்ததற்கு அந்த நடைதூரமே காரணம். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்த மோதலில் இந்தத் தெருக்களில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. நம் மக்கள் வியாசர்பாடி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தப் பிளவின் முழு வரலாறு தனியாகப் பேச வேண்டியது. இங்கே நாம் குறித்துக்கொள்வது ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் சிறு தூரமே அன்று உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

பேருந்தின் நெற்றியில் ஒரு பெயர்

1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1994 ஜனவரியில் அதைப் பிரித்து இன்னொரு கழகம் தொடங்கினார்கள். அதன் பெயர் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம். 1929-ல் குதிரை வண்டியில் ஓட்டுநர் கிடைக்காத மனிதரின் பெயரைத் தாங்கிய பேருந்துகள் வடசென்னைச் சாலைகளில் ஓடின. சீருடை அணிந்த ஓட்டுநர்கள் எல்லாச் சாதியினரையும் ஏற்றிக்கொண்டு அவற்றை ஓட்டினார்கள். இன்று நாற்பது வயதைக் கடந்த புளியந்தோப்புக்காரர்கள் பலர் அந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள்.

அந்தப் பெயர் மூன்றரை ஆண்டுகள்தான் நீடித்தது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. கட்டபொம்மன் படையின் தளபதி, தேவேந்திரகுல வீரர். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டச் சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. ஏறக்கூடாது என்று நம்மைச் சொன்னவர்கள் இப்போது ஏறமாட்டோம் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அரசு எடுத்த முடிவு, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் நீக்குவது. 1997 ஜூலை 1 முதல் அம்பேத்கர் கழகம், மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டாம் கோட்டம் ஆனது.

அதற்கு முதல் நாள், ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1995-ல், கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து சூறையாடியதில் முடிந்த மோதல்களும் வீரசிகாமணியில் ஒரு பேருந்தில் எழுந்த தகராறிலிருந்தே தொடங்கின. பேருந்து நமக்குச் சமத்துவத்தைத் தட்டில் வைத்துத் தந்ததாக நாம் சொல்லவில்லை. சாதி அங்கேயும் ஏறும். ஆனால் அங்கே சாதியோடு மோத முடியும், வழக்குப் போட முடியும், அரசைக் கேள்வி கேட்க முடியும். பேருந்து பொதுச்சொத்து என்பதால்தான் அதன் பெயருக்காகவும் இருக்கைக்காகவும் இவ்வளவு சண்டை நடந்தது.

சைக்கிள் என்னும் சொந்தச் சக்கரம்

பேருந்து பொது உரிமை என்றால் சைக்கிள் சொந்த உரிமை. சாதி இந்துத் தெரு வந்ததும் தலித் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்ன அதே கட்டுப்பாடு. இருக்கையில் உட்கார்ந்து தலைநிமிர்ந்து ஒருவர் போவதைச் சாதியால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இரண்டு நிகழ்வுகளைத் தலித் வரலாற்றில் வைத்துப் படிக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அடுத்தது, 2001-02-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம். இன்று எல்லாருக்குமான திட்டமாக அறியப்படும் அது, மேல்நிலை வகுப்பு படித்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகவே முதலில் வந்தது. 2005-06-ல்தான் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. சேரியிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் போன அந்தப் பெண்பிள்ளைகளே இந்தத் திட்டத்தின் முன்னோடிகள்.

சென்னையில் சக்கரத்தின் கதை உடலுழைப்பின் கதையும்கூட. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா 1973-ல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு சைக்கிள் ரிக்‌ஷா, மீன்பாடி வண்டி, ஆட்டோ, கால்டாக்சி, துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி என்று நம் ஆண்கள் ஏதோ ஒரு வண்டியின் முன்னால் உட்கார்ந்தே பிழைத்தார்கள். நாட்டுக்கான வண்டிகளைச் செய்ததும் இந்தப் பக்கம்தான். பெரம்பூரில் ரயில் பெட்டி, எண்ணூரில் பேருந்துக்கும் லாரிக்கும் சேஸிஸ், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். செய்தவர்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வீடு திரும்பினார்கள்.

புதிய வண்டி யாரைப் பார்க்கிறது?

இப்போது தானே ஓடும் காருக்கு வருவோம். கேமரா, ராடார், லேசர் ஒளி ஆகியவற்றால் சாலையைப் பார்த்து, எதிரே இருப்பது மனிதரா, வண்டியா, மரமா என்று கணினி வகைப்படுத்தி, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். 2020 முதல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வேமோ நிறுவனம் ஆளில்லா வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்கு ஓட்டுகிறது. பிறகு சான் பிரான்சிஸ்கோவிலும் வேறு நகரங்களிலும் அவை ஓடத் தொடங்கின.

இதன் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். குடியும் தூக்கக் கலக்கமும் செல்போனும் மனித ஓட்டுநரின் குறைகள். பார்வையற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த வண்டி உதவலாம். இன்னொரு வாதமும் உண்டு, அது நம்மை நேரடியாகத் தொடுவது: எந்திரம் சாதி கேட்காது. சாலிஸ்காவில் அப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் அண்ணலின் கால் முறிந்திருக்காது.

முறிந்திருக்காதுதான். ஆனால் ஓட்ட மறுத்தவரின் மறுப்பு அப்படியே இருந்திருக்கும். அதை எவரும் கேள்வி கேட்க வேண்டியும் இருந்திருக்காது. தீண்டாமையை ஒழிப்பது வேறு, தீண்டாமலே காரியம் நடக்க வழிசெய்வது வேறு. அக்கம்பக்கம் எவரும் இல்லாத தனி அறையில், வேலை செய்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பயணம் செய்வது வசதியாக இருக்கலாம். அந்த வசதியைத் தேடி அலைந்த சமூகம் எது என்பதை நாம் அறிவோம்.

எந்திரம் சாதி கேட்காது என்பதாலேயே அது எல்லாரையும் ஒன்றுபோலப் பார்க்கும் என்று ஆகிவிடாது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், கைப்பிடியில் பைகள் தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்ணை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. அடையாளம் தெரியாத பொருள் என்றும் வண்டி என்றும் சைக்கிள் என்றும் கணினி மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. நடந்துபோகும் மனிதர் என்று கடைசிவரை முடிவுக்கு வரவில்லை. கோடு போட்ட இடத்துக்கு வெளியே மனிதர் கடப்பார் என்பதே அந்தக் கணினி நிரலின் கணக்கில் இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. நிறுவனத்தின் மீது குற்றவழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-ல் அறிவித்தார். காரில் கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்த ஊழியர் தண்டனை பெற்றார்.

கோடு போட்ட இடத்தில் மட்டும் கடக்க வேண்டும் என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கே கடப்பது? கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் மீன்கூடையோடு கடக்கும் பெண்ணும் சைக்கிள் தள்ளிப்போகும் ஒப்பந்தத் தொழிலாளியும் எந்தப் பட்டியலில் வருவார்கள்? பட்டியல் எழுதுபவரின் உலகத்தில் இருப்பவரைத்தான் எந்திரம் மனிதராக அறியும்.

அதே 2018-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தவிர்க்க முடியாத விபத்தில் தானியங்கிக் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று 233 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் சேர்ந்த மக்களிடம் இணையம்வழி கேட்டு, சுமார் 4 கோடி விடைகளைத் திரட்டினார்கள். கேள்விப் படங்களில் ஒரு பக்கம் நிறுவன அதிகாரி, மறுபக்கம் வீடற்றவர் என்றும் இருந்தது. பொருளாதார ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நாடுகளில் உயர்நிலையில் இருப்பவரைக் காப்பாற்றும் விருப்பமும் அதிகமாக இருந்தது. இந்த விருப்பங்களை எந்தக் காரிலும் பொருத்திவிடவில்லை. ஆள் அடையாளம் பார்த்து உயிரைத் தரம்பிரிப்பதை ஜெர்மனி அரசின் நெறிமுறைக் குழு 2017-லேயே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் படிநிலை சமூகத்தின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஆய்வு எண்ணிக் காட்டிவிட்டது. நமக்கு அது செய்தியல்ல.

ஓட்டுநர் இருக்கை

ஓட்டுநரில்லாக் காரை இந்தியாவில் அனுமதிக்கமாட்டோம், அது வேலையைப் பறிக்கும் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் பின்னரும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நாம் நிம்மதி அடைய முடியவில்லை. எந்திரம் வராமலே நம் ஓட்டுநர் இருக்கை காலியாகிறது.

அரசுப் போக்குவரத்துக் கழக வேலையில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளி என்று எத்தனையோ குடும்பங்களின் முதல் மாதச் சம்பளம் அங்கிருந்து வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. புகையில்லை, தாழ்தளம், சக்கர நாற்காலியோடு ஏறலாம். வரவேற்க வேண்டியவை. ஆனால் அவற்றில் நடத்துநர் கழகத்தின் ஊழியர். ஓட்டுநர் தனியார் நிறுவனத்தின் ஊழியர். தனியாருக்கு இடஒதுக்கீடு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் மனிதர் இருக்கிறார், அரசு ஓட்டுநர் என்ற பதவி இல்லை. நம் தெருவில் ஓட்டுநர் இல்லாத வண்டி இந்த வடிவத்தில் வந்துவிட்டது.

எந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில்களே வருகின்றன. அதில் நம் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் மென்பொருள் ஊழியரும் ஒரே பெட்டியில் நிற்பார்கள். சீட்டு விலை அவரைத் தள்ளிவைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே தொழில்நுட்பம் பொது ரயிலில் ஒரு பொருளும் தனிக் காரில் வேறு பொருளும் தருகிறது. 60 பேர் ஒரு பேருந்தில் போகலாம். ஆளுக்கொரு காரில் போனால் 60 கார்கள். ஓட்டுநர் இல்லாததால் கார் அடைக்கும் இடம் ஓர் அங்குலமும் குறையாது. ஆளை இறக்கிவிட்டுக் காலியாகவும் அது சாலையில் சுற்றும்.

சாலை குறைவுபடும்போது யாரை ஒதுக்குவார்கள் என்பது தெரிந்த கதை. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட நம் மக்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருந்து பழைய வேலைக்குத் திரும்பிவர இன்றும் பேருந்தையே நம்பியிருக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது அவர்கள் கையில் மிஞ்சிய காசு அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறியது. எந்தப் புதிய காரும் இதைச் செய்யவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் எளியவை. சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு வடசென்னைக்கு வார்டு வாரியாக வெளியிடப்பட வேண்டும். துறைமுகச் சாலைகளில் லாரியிடமிருந்து தடுப்பால் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை வேண்டும். பேருந்துகளின் எண்ணிக்கை கூட வேண்டும். யார் முதலீடு போட்டாலும் அவற்றை ஓட்டும் பணி இடஒதுக்கீட்டுக்கு உட்பட வேண்டும். 1997-ல் எடுக்கப்பட்ட பெயரும் திரும்ப வேண்டும். வடசென்னையில் ஓடும் பேருந்தின் நெற்றியில் அம்பேத்கர் பெயர் இருப்பதற்கு இனி எந்தக் கலவரமும் தடையாக இருக்கக் கூடாது.

பக்கத்தில் உட்காரும் உரிமையை நம் முன்னோர் ஒரு நூற்றாண்டு போராடிப் பெற்றார்கள். அந்த இருக்கையைக் காலி செய்துவிட்டுத் தனித்தனிக் கார்களுக்குள் போகச் சொல்லும் எந்த முன்னேற்றத்தையும் இந்தக் கேள்வியோடுதான் நாம் சந்திக்க வேண்டும்.

ஜெய்பீம்.